இரண்டு சைஸ் பெரிய கவுன்

1

போன வாரம் திண்டுக்கல்லிலிருந்து என் பள்ளிக்கூட நண்பன் சேகர் போன் செய்தான். கோலாலம்பூரில் அவனுக்கு வேலை அமைந்திருக்கிறது. மனைவியையும் இரண்டு சின்னப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வரப் போகிறான். நான் இந்த நாட்டில் எட்டு வருடமாக இருப்பதால் என்னை ஒரு நிபுணன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறான். அந்த நினைப்பை நானும் கெடுப்பதில்லை. வீட்டு வாடகை எவ்வளவு, அரிசி என்ன விலை, கார் இல்லாமல் காலம் தள்ள முடியுமா என்று வரிசையாகக் கேட்டான். எல்லாவற்றுக்கும் டக்டக்கென்று பதில் சொன்னேன். கடைசியாக, "பிள்ளைங்க துணிமணிக்கு எவ்ளோடா ஒதுக்கணும்?" என்றான்.

அங்கேதான் எனக்கு வாய் அடைத்துவிட்டது. "சிக்னல் சரியில்லடா, அப்புறம் கூப்பிடுறேன்" என்று வைத்துவிட்டேன். சிக்னல் நன்றாகத்தான் இருந்தது.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ரவாங்கில் ஒரு தொழிற்சாலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை. அடுத்தவர் செய்ததில் குறை கண்டுபிடிப்பதற்கு மாதச் சம்பளம் வாங்குகிற ஆள். வீடு புக்கிட் செந்தோசாவில், ஒன்றோடொன்று ஒட்டிய வரிசை வீடுகளில் ஒன்று. மனைவி ஸ்டெல்லா இந்த நாட்டுப் பெண். கோல சிலாங்கூர் பக்கம் ஒரு தோட்டத்தில் பிறந்தவள். தோட்டம் என்றால் கத்திரிக்காய், வெண்டைக்காய் என்று நினைத்துவிட வேண்டாம், நானும் கல்யாணத்துக்கு முன் அப்படித்தான் நினைத்தேன். ரப்பரும், எண்ணெய் எடுக்கும் செம்பனையும் போட்ட எஸ்டேட்டுக்கு இங்கே தோட்டம் என்று பெயர். எங்களுக்கு ஒரே மகள், ஜெனி. ஐந்து வயது முடிந்துவிட்டது.

சேகரைப் போல இனி கிளம்பி வரப் போகிறவர்களுக்கு உதவுமே என்று இதை எழுதுகிறேன். உதவாவிட்டால் சிரிக்கவாவது செய்யலாம்.

2

திண்டுக்கல்லில் எங்கள் வீட்டில் பிள்ளைத் துணிக்கு முதல் சட்டம்: வளர்ற பிள்ளை, ரெண்டு சைஸ் பெரிசா எடு. இந்தச் சட்டத்தின்படி புதுச் சட்டை முழங்காலைத் தொடும். அளவு சரியாகும் வருடத்தில் சாயம் போயிருக்கும். என் சின்ன வயதுப் படங்கள் எல்லாவற்றிலும் நான் அப்பா சட்டையைத் திருடிப் போட்டவன் போலத்தான் இருப்பேன். ஒரு நாள்கூட அளவான புதுச் சட்டை போட்டதில்லை. இருந்தாலும் அந்தச் சட்டத்தை அப்படியே மடித்துப் பெட்டியில் வைத்து விமானம் ஏறி வந்தேன்.

இரண்டாவது சட்டம் ஒன்று உண்டு. வீட்டில் பிள்ளை என்ன போட்டால் என்ன, நாலு பேர் பார்க்கிற நாளில் குறை வைக்கக் கூடாது. என் விஷயத்தில் அந்த நாலு பேரும் ஒரே ஆள்தான், என் அக்கா எமிலி. திண்டுக்கல்லில் இருந்துகொண்டே நான் அனுப்பும் படங்களை விரித்து, பெரிதாக்கி, ஓரமெல்லாம் பார்ப்பாள். "ஏன்டா பிள்ளைக்கு வெளுத்த சட்டையப் போட்டிருக்க? அங்க கடையே இல்லையா?" என்பாள். வெளிநாட்டுக்காரன் பிள்ளை வெளுத்த சட்டை போட்டால், நான் இங்கே வந்து என்னதான் செய்கிறேன் என்ற கேள்வி ஊரில் எழும். அதற்கு என்னிடமே சரியான பதில் கிடையாது.

அதனால் ஜெனிக்கு 'போட்டோ சட்டைகள்' என்று தனியாக வாங்க ஆரம்பித்தேன். இந்த ஊரில் வருடம் முழுக்க ஒரே வெயில், ஒரே மழை. குளிர்காலத் துணி, கோடைத் துணி என்ற பேச்சே இல்லை. செவ்வாய்க்கிழமை சாயங்காலம் தெருவில் கூடும் பாசார் மாலாம் என்கிற இரவுச் சந்தையில் பத்து வெள்ளிக்கு நல்ல பருத்திச் சட்டை கிடைக்கும், ரிங்கிட்டுக்கு இங்கே வெள்ளி என்று பெயர். பிள்ளை நாளெல்லாம் போடுவது அதைத்தான். பேரங்காடியில் வாங்கிய சட்டையை மாட்டி, நாலு படம் எடுத்து, கழற்றி மறுபடி மடித்து வைப்பேன். இரண்டு வயதில் ஜெனி, நான் போனைத் தூக்கினாலே தானாகக் கைகளை மேலே தூக்கிவிடுவாள். படம் எடுத்து முடிந்ததும் சட்டையைக் கழற்ற வசதியாக இருக்கட்டும் என்று அவளாகக் கற்றுக்கொண்டது. அக்கா அந்தப் படங்களைப் பார்த்துவிட்டு, பிள்ளை டான்ஸ் ஆடுகிறாள் என்று சொல்வாள்.

3

விசா கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உள்ளூர்ப் பெண்ணைக் கட்டியவர்கள் அந்த ஸ்டிக்கரை அவ்வப்போது புதுப்பிக்க வேண்டும். போன முறை ஸ்டெல்லாவுக்கு அவள் வேலை பார்க்கும் கிளினிக்கில் அவசரம், பத்து மணிக்கு நேராகக் குடியேற்ற அலுவலகத்துக்கு வந்துவிடுகிறேன் என்றாள். நான் ஜெனியைக் கூட்டிக்கொண்டு முன்னால் போனேன். அதிகாரிகள் மதிக்க வேண்டும் என்று பிள்ளைக்கு லேஸ் வைத்த கவுன், வெள்ளை சாக்ஸ், பளபளக்கும் ஷூ. நான் வேலைக்கு லீவு போட்ட நாள்தானே என்று அரைக்கால் சிலுவார் போட்டிருந்தேன். கால்சட்டைக்கு இங்கே சிலுவார் என்று பெயர்.

வாசலில் காவலர் தடுத்தார். அரசாங்க அலுவலகத்துக்குள் முழங்கால் தெரியக் கூடாதாம், சுவரில் படம் போட்டே மாட்டியிருந்தார்கள். எனக்கு மலாய் அரைகுறை. அவசரத்தில் முழுதாக வந்த வாக்கியம் ஒன்றே ஒன்றுதான்: என் மகள் அழகு. அதைச் சொன்னேன். காவலர் ஜெனியைப் பார்த்து, ஆமாம், அழகுதான் என்று மலாயில் ஒப்புக்கொண்டார். பிறகு என் முழங்காலைப் பார்த்தார். அதை ஒப்புக்கொள்ளவில்லை.

என்னைப் போன்றவர்களுக்காகவே ஒரு பெட்டியில் கைலிகள் வைத்திருந்தார்கள். எத்தனை பேர் கட்டி அவிழ்த்ததோ, அதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார். கட்டிக்கொண்டு போய் வரிசையில் உட்கார்ந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு சீன அம்மாள் ஜெனியைக் கொஞ்சிவிட்டு, பிள்ளையின் அப்பா அம்மா எங்கே என்று என்னிடமே விசாரித்தார்.

ஸ்டெல்லா வந்து பார்த்துவிட்டு அந்த அமைதியான கூடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள். "புள்ளைக்கு லேஸ் கவுனு, அப்பாவுக்கு ஆபீஸ் கைலியா? நல்லா இருக்குலா!" என்றாள். பேச்சின் முடிவில் லா சேர்ப்பது இந்த ஊர் வழக்கம். சிரித்து முடித்த பிறகு இன்னொன்றும் சொன்னாள். "நீங்க ஜெனிக்கு சட்டை வாங்கல. உங்க அக்காவுக்கு வாங்குறீங்க."

எனக்குக் கோபம் வந்தது. கைலியோடு எப்படிக் கோபப்படுவது என்று தெரியாமல் சும்மா இருந்துவிட்டேன்.

4

ஸ்டெல்லாவின் குடும்பத்தில் கிறிஸ்துமஸுக்கு ஒரு வழக்கம் உண்டு. அவளுடைய அண்ணன் அந்தோணி லோரி ஓட்டுகிறார், அவருக்கு நாலு பிள்ளைகள். அக்கா ரோஸிக்கு இரண்டு பிள்ளைகள், அதில் மூத்தவள் கேரன் ஜெனியைவிட ஒரு வயது பெரியவள். ஒவ்வொரு நவம்பரிலும் ரோஸி அக்கா ஒரு சுருள் துணி வாங்குவார். அந்த ஒரே சுருளிலிருந்து எல்லாப் பெண் பிள்ளைகளுக்கும் கவுன், எல்லாப் பையன்களுக்கும் சட்டை வெட்டித் தைப்பார். செலவை மூன்று வீடும் சமமாகப் பங்கு போட்டுக்கொள்ளும். ஜெனிக்கு விவரம் தெரியாத வயது வரை நானும் பேசாமல் பங்கு கொடுத்து வந்தேன்.

போன நவம்பரில்தான் எனக்குள் இருந்த தரக்கட்டுப்பாட்டு அதிகாரி விழித்துக்கொண்டார். எங்கள் ஊரில் ஒரே துணியில் பிள்ளைகளுக்குத் தைத்துப் போட்டால், பேண்டு செட் வருது என்று தெருவே கேலி செய்யும். முந்தின வருடப் படத்தைப் பார்த்துவிட்டு என் அக்கா எமிலியும் அதையேதான் கேட்டிருந்தாள்: "என்னடா, பிள்ளைய பேண்டு செட்ல சேத்துட்டியா?"

"நமக்கு ஒரு பிள்ளை. உங்க அண்ணனுக்கு நாலு. பங்கு மட்டும் எப்படிச் சமமா வரும்?" என்று ஸ்டெல்லாவிடம் ஆரம்பித்தேன். "மீட்டர் கணக்குல பிரிச்சாத்தானே நியாயம்?"

"மீட்டர் கணக்கா? அண்ணன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்றாள்.

நான் சொல்லவில்லை. லோரி ஓட்டுகிற கைகள் பெரியவை. அதற்குப் பதிலாக, ஜெனிக்கு இந்த வருடம் நாமே எடுத்துக்கொள்ளலாம் என்றேன்.

ஸ்டெல்லா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். கத்தியைக் கீழே வைத்துவிட்டுப் பேசினாள். "ஜெனிக்கு அண்ணன் தம்பி கிடையாது. உங்க பக்கத்து ஆளுங்க எல்லாம் போன்லதான். இங்க அவளுக்கு சொந்தம்னு இருக்கிறது அந்தப் புள்ளைங்கதான். அதுல இருந்து இவளத் தனியாப் பிரிச்சிடாதீங்க. அவ்ளோதான் நான் சொல்லுவேன்."

"ஒரு கவுனுக்கு இவ்ளோ பேச்சா?" என்று நான் சிரித்தேன்.

ரோஸி அக்காவுக்கு நானே போன் செய்து சொன்னேன். "சரி தம்பி, உங்க இஷ்டம்" என்றார். காரியம் சுலபமாக முடிந்துவிட்டது என்று எனக்கு ஒரே பெருமை.

கோலாலம்பூரில் ஒரு பெரிய பேரங்காடிக்குப் போனேன். ரோஜா நிறம், அடுக்கடுக்காக வலைத்துணி, இடுப்பில் என் முகத்தளவு ஒரு பூ முடிச்சு, கழுத்தைச் சுற்றி மின்னும் கல். இருநூற்றுத் தொண்ணூறு வெள்ளி. எங்கள் வீட்டுக்குப் பதினைந்து நாள் மளிகை. விலைச் சீட்டைப் பார்த்ததும் கவுனைத் திரும்ப மாட்டி வைத்தது உண்மை. ஆனால் வளர்கிற பிள்ளை அல்லவா, இரண்டு சைஸ் பெரிதாக எடுத்தால் இரண்டு கிறிஸ்துமஸுக்கு வருமே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். கடையிலிருந்தே படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். "இதுதான்டா டிரஸ்! பக்கத்து வீட்டுக்கெல்லாம் காமிச்சேன்" என்று பதில் வந்தது. கூடவே இதயங்கள் பொங்கி வழிந்தன.

வீட்டில் ஸ்டெல்லா விலைச் சீட்டைப் பார்த்தாள். ஊக்கு டப்பாவை எடுத்து வந்து, கவுனை மடித்து மடித்து ஜெனியின் அளவுக்குக் கொண்டுவர முயன்றாள்.

5

கிறிஸ்துமஸ் அன்று பூசை முடிந்து அந்தோணி மச்சான் வீட்டுக்குப் போனோம். கோல சிலாங்கூரில், பழைய தோட்டம் இருந்த இடத்தை ஒட்டிக் கட்டிக் கொடுத்த சின்ன வீடுகளில் ஒன்று. காரைவிட்டு இறங்கும்போதே வாசலில் பிள்ளைகள் தெரிந்தார்கள். பச்சைத் துணியில் சின்னச் சின்ன மஞ்சள் புள்ளி. ஆறு பேரும் அதில்தான் இருந்தார்கள்.

ஜெனி கவுனை இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு இறங்கினாள். மச்சான் பார்த்தார். "அடேங்கப்பா! மண்டோர் மவ வந்துட்டா டோய்!" என்றார்.

எல்லோரும் சிரித்தார்கள். அதிகமாகச் சிரித்தது நான். மண்டோர் என்றால் ஏதோ ஜமீன்தார் மாதிரி என்று நினைத்துக்கொண்டேன். செலவழித்த காசுக்குக் கிடைத்த முதல் மரியாதை என்று மனம் குளிர்ந்தது. அதோடு விட்டேனா? "மண்டோர் மக எங்க? மண்டோர் மக சாப்பிட்டாளா?" என்று நாள் முழுக்க நானே கூப்பிட்டுக்கொண்டிருந்தேன். ரோஸி அக்கா ஒரு முறை என்னைப் பார்த்தார், பிறகு அடுப்படிக்குள் போய்விட்டார்.

பிள்ளைகள் வாசலில் தண்ணீர்க் குழாயைத் திறந்துவிட்டு, வழுக்கி விழுந்து, எழுந்து, மறுபடி வழுக்கி விளையாடினார்கள். ஜெனி இரண்டு முறை அந்தப் பக்கம் போனாள். இரண்டு முறையும் நான், "ஜெனி! கவுன்! கவுன்!" என்று கத்தினேன். மூன்றாவது முறை அவள் போகவில்லை. நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துப் போட்டு, அழுக்காகாமல் இருக்க அதன் மேல் என் கைக்குட்டையை விரித்து, அவளை உட்கார வைத்தேன். கேரன் வந்து அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பிறகு கவுனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், கையை விட்டுவிட்டு ஓடிவிட்டாள். நாற்காலியில் உட்கார்ந்த ஜெனியை நான் பத்துப் பதினைந்து படம் எடுத்தேன். படங்கள் மிக நன்றாக வந்திருந்தன.

திரும்பி வரும்போது செம்பனைக்கு நடுவே நீளமான ரோடு. ஸ்டெல்லா கேட்டாள்: "மண்டோர்னா யாருன்னு தெரியுமா உங்களுக்கு?"

"பெரிய ஆள்தானே?"

"பெரிய ஆள்தான். எங்க அப்பா அம்மாவ வேல வாங்குற ஆளு. நேரமாச்சுன்னா சம்பளத்துல வெட்டுற ஆளு." வெளியே பார்த்துக்கொண்டே சொன்னாள். "தோட்டத்து லயத்துல வரிசையா இருக்கிற எல்லா வீடும் ஒரே கடையிலதான் கடனுக்குத் துணி எடுக்கும். அந்த வருஷம் கடைக்காரன் என்ன சுருள் கொண்டு வரானோ, அதான் எல்லாப் புள்ளைக்கும். யாரு வீட்ல காசு இருக்கு, யாரு வீட்ல இல்லன்னு சட்டையப் பாத்து சொல்ல முடியாது. மண்டோர் வீட்டுப் புள்ளைங்க மட்டும் டவுன்ல வாங்குன கவுனு போட்டு வரும்."

"பொறாமையா இருந்திருக்கும்."

"பொறாமை எல்லாம் இல்ல. நாங்க அதுங்களோட வெளாட மாட்டோம். அடிக்க மாட்டோம், திட்ட மாட்டோம். சும்மா விட்டுருவோம். சட்டையில மண்ணு பட்டா எங்க அப்பாவுக்குல்ல ஏச்சு விழும்? அதுங்க வாசல்ல நாற்காலி போட்டு உக்காந்து எங்களப் பாத்துக்கிட்டே இருக்கும்." என் பக்கம் திரும்பினாள். "அண்ணன் கேலிக்குத்தான்லா சொன்னாரு. ஒரு தடவ சொல்லிட்டு விட்டுட்டாரு. நீங்கதான் அதயே சொல்லிச் சொல்லிக் கூப்புட்டீங்க."

ஸ்டீரிங்கைப் பிடித்துக்கொண்டு லோரி ஒன்றின் பின்னால் ஊர்ந்து வந்தேன், முந்திப் போகக்கூடத் தோன்றவில்லை.

தூங்குகிறாள் என்று நினைத்த ஜெனி பின்சீட்டிலிருந்து பேசினாள். "அம்மா, செகிஞ்சானுக்கு நான் வரல."

கிறிஸ்துமஸுக்கு அடுத்த சனிக்கிழமை எல்லோரும் புதுத்துணியோடு செகிஞ்சான் வயலுக்குப் போய்ப் படம் எடுத்துக்கொள்வது அவர்கள் வழக்கம். ஜெனி வருடம் முழுக்கக் காத்திருக்கும் நாள் அது.

"ஏன்டா கண்ணு?" என்றேன்.

"அவங்க எல்லாம் ஒரு டீம் ப்பா. நான் டீம்ல இல்ல."

அழுது சொல்லியிருந்தால் சமாதானம் செய்திருப்பேன். சாதாரணமாகச் சொன்னாள். அது எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

6

மறுநாள் காலையில் முதல் வேலையாக ரோஸி அக்காவுக்குப் போன் செய்தேன். "பசியாறிட்டீங்களா அக்கா?" என்று இந்த ஊர் முறைப்படி குசலம் விசாரித்துவிட்டு, அந்தப் பச்சைத் துணி மீதி இருக்கிறதா என்று குழைந்தேன்.

"மீதியா? நீங்க வேணாம்னு சொன்னீங்கன்னு அளவாத்தான்லா எடுத்தேன் தம்பி. துண்டு துண்டாதான் கெடக்கு. தலைக்கு ரிப்பன் வேணும்னா வரும்."

ஒரு பிள்ளைக்கான துணியை மட்டும் குறைத்து வாங்க வைத்த என் சாமர்த்தியத்தை எண்ணி வியந்தேன். பிறகு கிறிஸ்துமஸ் படத்தைப் போனில் வைத்துக்கொண்டு ரவாங்கில் ஒவ்வொரு துணிக்கடையாக ஏறி இறங்கினேன். ஒரு கடைக்காரர் பச்சையில் வெள்ளைப் புள்ளி காட்டினார். இன்னொருவர் மஞ்சளில் பச்சைப் புள்ளி காட்டி, "தூரத்துல இருந்து பாத்தா ஒண்ணுதாண்ணே" என்றார். மூன்றாவது கடையில் பச்சையும் சரி, மஞ்சளும் சரி, புள்ளிதான் கொஞ்சம் பெரிது. தொழிற்சாலையில் நான் திருப்பி அனுப்பும் சரக்குகளின் சாபமெல்லாம் அன்றைக்குப் பலித்தது. கிடைத்திருந்தாலும் மறுநாள் சனிக்கிழமைக்குள் தைத்துத் தர ஆள் இல்லை.

வெறும் கையோடு வீட்டுக்கு வந்தேன். ஜெனியிடம் என்னென்னவோ பேசினேன். கவுனைப் போட வேண்டாம், வீட்டுச் சட்டையிலேயே வா என்றேன். "அப்பவும் நான் வேறதானே?" என்றாள். ஐந்து வயதுப் பிள்ளையிடம் அதற்கு மேல் வாதாட எனக்குத் தெரியவில்லை.

சாயங்காலம் கேரன் போன் செய்தாள். ஜெனி அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். வெளியே வந்து, "நான் வரேன். கவுனே போட்டுக்கிறேன்" என்றாள். என் பேச்சு கொஞ்சம் தாமதமாக வேலை செய்திருக்கிறது என்று ஸ்டெல்லாவிடம் சொன்னேன். அவள் ஒரு மாதிரியாகப் பார்த்தாள்.

7

செகிஞ்சான் முழுக்க வயல். அறுப்புக்கு நெருங்கிய கதிர், நடுவில் நேர் நேராக வாய்க்கால், சாலையோரம் மாம்பழமும் பொரித்த மீனும் விற்கும் சீனர்களின் கடைகள். விடுமுறை என்பதால் படம் எடுக்க வந்த கூட்டம் வேறு. மச்சானின் வேனும் எங்கள் காரும் ஒரு கடை ஓரமாக நின்றன. பிள்ளைகள் இறங்கியதும் பெண் பிள்ளைகள் மட்டும் வேனுக்குப் பின்னால் மறைந்தார்கள். நான் இளநீர் வாங்கப் போனேன்.

திரும்பி வரும்போது ரோஜா நிறக் கவுன் வரப்பில் ஓடிக்கொண்டிருந்தது. வலைத்துணி சேற்றைத் துடைத்துக்கொண்டு போயிற்று. திருந்திவிட்டேன் என்று எனக்கு நானே சத்தியம் செய்திருந்தேன், ஆனால் வாய் பழக்க தோஷம். "ஜெனி! சேறு! கவுன்!" என்று கத்தினேன்.

கவுன் திரும்பியது. உள்ளே இருந்தது கேரன். "மாமா... இல்லலா, சித்தப்பா! நான்!" என்று முறையைத் தேடிப் பிடித்துச் சொல்லிவிட்டுப் பல் தெரியச் சிரித்தாள். இரண்டு சைஸ் பெரிய கவுன் அவளுக்குத் தைத்து வைத்தது போலப் பொருந்தியிருந்தது.

அப்படியானால் ஜெனி எங்கே?

வாய்க்கால் பக்கத்திலேயே ஓடுகிறது. பச்சையில் மஞ்சள் புள்ளிகள் அங்கங்கே தெரிந்தன, எல்லாம் முதுகுகள். பெண் பிள்ளைகள் எல்லோர் தலையிலும் ஒரே பச்சை ரிப்பன். ஐந்து வருடமாகப் பெற்று வளர்க்கிறேன், என் பிள்ளையின் முதுகு எது என்று எனக்குத் தெரியவில்லை. இத்தனை நாளும் கூட்டத்தில் அவளைத் தேடும்போது நான் தேடியது நான் வாங்கிக் கொடுத்த சட்டையை. இளநீரைக் கீழே போட்டுவிட்டு, "ஜெனி! ஜெனி!" என்று ஓடினேன். என் குரல் எனக்கே பயமாக இருந்தது.

மூன்று புள்ளிச் சட்டைகள் ஒன்றாகத் திரும்பின. மூன்றும் சிரித்தன. நடுவில் நின்றது என் மகள். கேரனின் கவுன் அவளுக்குக் கணுக்கால் வரை தொங்கியது. முகத்தில் சேறு. அவ்வளவு நேரமும் நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டு, காட்டிக்கொடுக்காமல் நின்றிருக்கிறாள்.

"அப்பா கண்டுபிடிக்கல! அப்பா கண்டுபிடிக்கல!" என்று குதித்தாள். அத்தனை சந்தோஷமாக அவளை நான் பார்த்ததே இல்லை. எனக்கு அழுகை வந்துவிட்டது. வெயில் கண்ணில் அடிக்கிறது என்று மச்சானிடம் சொன்னேன், அவரும் நம்பியதாகக் காட்டிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கவுன் கை மாறிக்கொண்டே இருந்தது. கேரனிடமிருந்து மச்சானின் பெரிய மகளுக்கு, அவளிடமிருந்து சின்ன மகளுக்கு, மறுபடி கேரனுக்கு. வேனுக்குப் பின்னால் ஒரே கும்மாளம். ஒரு அடுக்கு வலை கிழிந்தது, இரண்டு கல் உதிர்ந்தது. ஜெனி மட்டும் அதை மறுபடி கேட்கவே இல்லை. மச்சான் என் தோளில் தட்டி, "மாப்ள, இப்பதான் உங்க காசுக்கு வேல நடக்குது" என்றார். தலைக்கு எவ்வளவு விழுகிறது என்று நான் மனதுக்குள் வகுத்துப் பார்த்தேன். பாசார் மாலாம் விலைக்கு இன்னும் தூரம் இருந்தது.

குடும்பப் படத்துக்கு எல்லோரும் வரப்பில் நிற்கும்போது என் அக்கா எமிலியின் வீடியோ கால் வந்தது. கவுனைப் பார்க்காமல் அவளுக்குப் பொறுக்கவில்லை. போனைப் பிள்ளைகள் பக்கம் திருப்பினேன். வெயிலில் திரை மங்கலாக இருந்தது.

"ஏ ஜெனிக்குட்டி! என் தங்கமே!" என்றாள் அக்கா. "எவ்ளோ உயரமாயிட்டா பாரேன்! அப்படியே எங்க அம்மா ஜாடை! அத்தைக்கு ஒரு முத்தம் குடு!"

கேரன் நல்ல பிள்ளை, கேட்டதைத் தட்டாதவள். ரோஜா நிறக் கவுனோடு முன்னால் வந்து திரையில் பச்சென்று ஒரு முத்தம் கொடுத்தாள். அக்கா கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

நான் சொல்ல வாயெடுத்தேன். பச்சைக் கூட்டத்தின் நடுவிலிருந்து ஜெனி உதட்டில் விரலை வைத்து, வேண்டாம் என்று எனக்குத் தலையாட்டினாள். சிரிப்பை அடக்கிக் கன்னம் உப்பியிருந்தது. அக்காவுக்குத் தன்னை அடையாளம் தெரியவில்லை என்பது அவளுக்கு ஒரு வருத்தமே இல்லை. அன்றைய விளையாட்டில் அது அவளுக்கு இன்னொரு வெற்றி.

"பக்கத்துல பச்சைச் சட்டையில நிக்கிறதெல்லாம் யாருடா?" என்று அக்கா கேட்டாள். "ஸ்டெல்லா வீட்டு மலேசியாப் பிள்ளைங்களா?"

நான் ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். என் மகள் கேரனின் தம்பி தோளில் கையைப் போட்டுக்கொண்டு நின்றாள்.

"ஆமாக்கா" என்றேன். "எல்லாம் மலேசியாப் பிள்ளைங்கதான்."